கதவைத் திறக்கும் வரி: மொரீசியஸ் பிள்ளைகளைத் தமிழ் வாசிக்க வைக்கும் பேய்க்கதைகள் – ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீசியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்துகளை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அ முதல் ஃ வரை பாடிக் காட்டுவார்கள். பாடநூலில் ஆசிரியர் சுட்டும் வரியைக் கூட்டிப் படிப்பார்கள். மணி அடித்ததும் புத்தகம் பைக்குள் போய்விடும். அடுத்த வகுப்புவரை அது வெளியே வருவதில்லை. வீட்டில் பேச்சு கிரியோல், தொலைக்காட்சி பிரெஞ்சு, தேர்வு ஆங்கிலம். தமிழுக்கு வகுப்பும் கோவிலும்தான் மிச்சம். இந்த நிலையில் "தாய்மொழியை மறக்காதே" என்ற அறிவுரையால் ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் திறக்காது. அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு வந்தால் திறக்கும்.

அந்தத் தவிப்பை மிக விரைவாக உண்டாக்குவது பயம். சிரிப்பூட்டும் கதையைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளை விளையாடப் போய்விடும். பேய்க்கதையைப் பாதியில் நிறுத்தினால் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணத்தைச் சுற்றியே எழுதப்பட்டது: கதையை எங்கே நிறுத்துவது, நிறுத்திய இடத்தில் பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பது. வாயால் சொல்லி முடித்துவிட்ட கதை காதோடு போய்விடுகிறது. முடிவு தாளில் மட்டும் இருந்தால், பிள்ளை அதை வாசித்துத்தான் அடைய வேண்டும்.

முதல் படி: பிள்ளையின் பயத்தை அறிந்துகொள்ளுங்கள்

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இருட்டே பயம். கட்டிலுக்கு அடியில் இருப்பது பயம். கற்பனைக்கும் நடப்புக்கும் இடையிலான கோடு அந்த வயதில் மெல்லியது. ஆகவே கதையின் முடிவில் "பேய்" என்னவென்று கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும்: பூனை, காற்று, பாட்டியின் சேலை என்று ஏதாவது ஒன்று. ஏழு முதல் ஒன்பது வயதில் பிள்ளைக்குப் பயப்படுவது பிடிக்கத் தொடங்குகிறது. பயந்து, பிறகு "எனக்குப் பயமே இல்லை" என்று சொல்லிக்கொள்வதில் அதற்கு ஒரு பெருமை. பத்து வயதைத் தாண்டியவர்களிடம் எல்லாவற்றையும் விளக்கிவிடக் கூடாது. ஒரு சிறு முடிச்சு அவிழாமல் இருந்தால்தான் அவர்கள் கதையை மதிப்பார்கள்.

வயதைவிட முக்கியம் அந்தப் பிள்ளையின் அண்மைக் கால வாழ்க்கை. வீட்டில் யாராவது இறந்திருந்தால், அந்த ஆண்டு ஆவிக் கதைகள் வேண்டாம். புயலில் கூரை பறந்ததைக் கண்ட பிள்ளைக்குப் புயல் கதை வேண்டாம். "உனக்கு எது பயம்?" என்று நேராகக் கேட்டால் பதில் வராது, நான்கு பேய்ப் படங்கள் வரைந்து, "இதில் எது நம் வீட்டுக்கு வரலாம், எது வரக்கூடாது?" என்று கேளுங்கள். கிரியோலில் கேட்டாலும் சரி. பயத்தைப் பற்றிப் பேசுவது, பிள்ளைக்கு எந்த மொழி எளிதோ அந்த மொழியில் இருக்கட்டும். வாசிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்" என்று மிரட்டும் வீட்டில் பேய்க்கதை வேலை செய்யாது. மிரட்டலுக்குப் பயன்படுத்திய பேயைப் பிள்ளை நம்பிவிடுகிறது. அதை ரசிக்க அதனால் முடியாது. கதைக்குப் பேய் வேண்டுமானால், தண்டனையிலிருந்து அந்தப் பேயை முதலில் விடுவியுங்கள்.

இரண்டாம் படி: இந்தத் தீவின் பேய்களைத் தேடுங்கள்

பனி மூடிய கோட்டை, ஓநாய் ஊளையிடும் காடு ஆகியவற்றை மொரீசியஸ் பிள்ளை பார்த்ததில்லை. சன்னலுக்கு வெளியே தெரிவதுதான் உண்மையாகப் பயமுறுத்தும். நமக்கு அதில் குறைவே இல்லை.

பீட்டர் பொத் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு பெரிய பாறை, கழுத்தின் மேல் தலை போல நிற்கிறது. போர்ட் லூயிஸ் பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும். மலைக்கு அப்பால் இருக்கும் கிரேவ் கேர் ஊரிலிருந்து போர்ட் லூயிஸுக்குப் பால் கொண்டுபோகும் பால்காரர் ஒருவர் வழியில் இளைப்பாறித் தூங்கிவிடுகிறார். விழித்தபோது தேவதைகள் ஆடுவதைப் பார்க்கிறார். "பார்த்ததை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் கல்லாவாய்" என்கிறார்கள். அவர் சொல்லிவிடுகிறார். கதையைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். எல்லா விதத்திலும் கடைசியில் கல். சொல்லாதே என்ற கட்டளை, சொல்லத் துடிக்கும் நாக்கு, கல்லாகும் தண்டனை என்று திகில் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. மறுநாள் பஸ்ஸில் போகும்போது பிள்ளை சன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தலையைத் தேடும்.

முருங்கை மரம் அடுத்தது. இங்கே பல வீட்டு முற்றங்களில் அது நிற்கிறது; அதன் கீரையைப் பிரேத் முரூம் என்று எல்லா இனத்தவரும் சமைக்கிறார்கள். அந்த மரத்தில்தான் நம் வேதாளம் தலைகீழாகத் தொங்குகிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, ஒரு முறை மாலையில் கீரை பறித்து வரச் சொல்லுங்கள். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமக்கிறான். அது கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடியும் மரம் ஏறிவிடும். வாசிக்கப் பழக்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு இல்லை. ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் நிற்கிறது. கேள்விவரை நீங்கள் வாசியுங்கள். விக்கிரமாதித்தனின் பதிலைப் பிள்ளை வாசிக்கட்டும்.

பெரிய பிள்ளைகளுக்குத் தூனி மின்வி என்ற நள்ளிரவு மனிதனின் கதை. 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் தாக்கிய பிறகு ஊர்கள் மின்சாரம் இல்லாமல் இருட்டில் கிடந்தபோது, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய ஒருவன் நள்ளிரவில் வருகிறான், பிடிக்கப் போனால் மறைந்துவிடுகிறான் என்ற பேச்சு தீவெங்கும் பரவியது. ஆண்கள் இரவெல்லாம் தெருவில் காவல் நின்றார்கள். இன்றைய பெற்றோரில் பலர் அப்போது சிறு பிள்ளைகள். பதினொரு வயதுப் பிள்ளையை, "அந்த நாளில் நீங்கள் என்ன கேள்விப்பட்டீர்கள்?" என்று மாமாவிடமும் சித்தியிடமும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு சொல்வார்கள். வதந்தி எப்படி உருமாறுகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். அந்தக் குறிப்புகளே நல்ல வாசிப்புப் பாடம் ஆகிவிடும்.

இவை தவிர, கரும்புக் காட்டின் நடுவே தனித்து நிற்கும் பழைய ஆலைப் புகைபோக்கி, கடற்கரைச் சவுக்கு மரங்களின் பெருமூச்சு, கியூர்பிப்பின் மூடுபனி என்று எத்தனையோ இருக்கின்றன.

லெ மோர்ன் மலையை மட்டும் பேய்க்கதை ஆக்காதீர்கள். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது அந்த வரலாற்றுக்காகத்தான். அங்கே இறந்தவர்கள் நம் அண்டை வீட்டாரின் முன்னோர். அந்தக் கதையை அதற்குரிய மரியாதையோடு, பகலில், வரலாறாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: சொற்களை எண்ணி வையுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன. இந்தியாவிலிருந்து வரும் கதைப்புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுக்கிறோம். முதல் பக்கத்திலேயே பிள்ளைக்குத் தெரியாத சொற்கள் குவிந்து கிடக்கின்றன. பயம் வருவதற்குள் களைப்பு வந்துவிடுகிறது.

தமிழில் எழுத்துகள் 247. பிள்ளை அவற்றைத் தனித்தனியே அறிந்திருந்தாலும், வேகமாக அடையாளம் காண, ஒரே சொல்லைப் பலமுறை பார்க்க வேண்டும். பாடநூலில் ஒரே சொல் பத்து முறை வந்தால் சலிப்பு. பேய்க்கதையில் வந்தால் திகில். "யார் அங்கே?" என்ற வரி மூன்றாம் முறை வரும்போது பிள்ளை அதை எழுத்துக் கூட்டுவதில்லை, பார்த்த உடனே சொல்கிறது, அதுவும் நடுங்கும் குரலில். திகில் கதை வாசிப்புக்குச் செய்யும் பெரிய உதவி இதுவே.

இரட்டைக்கிளவிகளும் ஒலிக்குறிப்புச் சொற்களும் நம் மொழியின் செல்வம். சரசர, சலசல, மடமட, தடதட, கிறீச், டொக் டொக். பொருள் விளக்க வேண்டியதில்லை, படித்தாலே புரியும். ர, ற, ல, ள வேறுபாடும் இவற்றில் காதோடு பதிந்துவிடும். ஒரு கதைக்கு மூன்று ஒலிகள் போதும்.

வாக்கியம் நான்கு, ஐந்து சொற்களைத் தாண்ட வேண்டாம். "வந்துகொண்டிருந்தபோதிலும்" போன்ற நீண்ட வினைகளை உடைத்துவிடுங்கள். பிள்ளைக்குப் புதியதாக இருக்கும் சொற்கள் ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த இரண்டையும் பகலில், கதைக்குச் சம்பந்தமே இல்லாத நேரத்தில் அறிமுகப்படுத்திவிடுங்கள். "கொட்டை" என்ற சொல் கதையில் வரப்போகிறதா? மதியம் லிச்சி தின்னும்போது அதைச் சொல்லிவிடுங்கள். கதையின் நடுவே நிறுத்திச் சொற்பொருள் சொன்னால் பயம் கலைந்துவிடும்.

நான்காம் படி: கதையை நீங்களே எழுதுங்கள்

எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஒலி, ஒரு கேள்வி, ஒரு கதவு இருந்தால் கதை ஆகிவிடும். இதோ நான் வகுப்புக்காக எழுதிய ஒன்று. வேண்டுவோர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இரவு. விளக்கு இல்லை. கயல் படுத்திருந்தாள்.
டொக்.
கூரைமேல் ஏதோ விழுந்தது.
"யார் அங்கே?" என்றாள் கயல்.
பதில் இல்லை.
டொக். டொக்.
"யார் அங்கே?"
பதில் இல்லை.
சரசர. சரசர.
லிச்சி மரம் அசைந்தது. காற்று இல்லை. ஆனாலும் மரம் அசைந்தது.
"பாட்டி! கூரைமேல் யார்?"
பாட்டி தூங்கினாள்.
கயல் டார்ச்சை எடுத்தாள். கதவருகே போனாள். கதவைத் திறந்தாள்.

இங்கே தாளை மடித்துவிடுங்கள். மடிப்புக்குக் கீழே இது:

மரத்தில் இரண்டு கண்கள்.
தலைகீழாக இரண்டு கண்கள்.
இல்லை, நான்கு கண்கள். இல்லை, பத்துக் கண்கள்!
டொக். அவள் காலடியில் ஒன்று விழுந்தது.
கயல் குனிந்து எடுத்தாள். அது ஒரு லிச்சிக் கொட்டை. ஈரமாக இருந்தது.
"நீங்கள்தானா?" என்றாள் கயல்.
மரம் நிறைய வௌவால்கள்.
பதில் இல்லை. வாய் நிறைய லிச்சி.

நவம்பர், டிசம்பரில் லிச்சி பழுக்கும்போது நம் தீவின் பெரிய பழந்தின்னி வௌவால்கள் இரவெல்லாம் மரங்களில் சண்டையிட்டுக் கிறீச்சிடுவதைக் கேட்காத பிள்ளை இங்கே இல்லை. அந்தச் சத்தம் அன்று இரவே மறுபடியும் கேட்கலாம். கேட்டால் பிள்ளை கதையைத் தேடி எடுக்கும்.

சிறியவர்களுக்குக் கதை இங்கேயே முடிகிறது. ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொரு வால் உண்டு. அதைத் தனித் தாளில் எழுதி உறையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

காலையில் பாட்டி கேட்டாள். "ராத்திரி ஏன் என்னை அத்தனை முறை கூப்பிட்டாய்?"
"ஒரு முறைதான் பாட்டி கூப்பிட்டேன்."
"இல்லையே," என்றாள் பாட்டி. "தோட்டத்திலிருந்து கூப்பிட்டாயே."

ஒரே கதை, இரண்டு முடிவுகள். தம்பிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அக்காவின் உறையில் என்ன இருக்கிறது என்று தம்பி கேட்டுக்கொண்டே இருப்பான். "நீ இதைத் தானாக வாசிக்கும் நாளில் தருகிறேன்" என்று சொல்லி வையுங்கள். பரிசுப் பொருள்களைவிட இந்த உறைக்கு வலிமை அதிகம்.

பெரியவர்களுக்கு எழுதும்போது புதிர்க் குறிகளைச் சேருங்கள். நம் ரூபாய்த் தாள்களில் ஆங்கிலத்தோடு தமிழும் இந்தியும் அச்சாகியிருக்கின்றன. பழைய தமிழ் எண்களும் இருக்கின்றன. 1998-இல் வெளியான தாள்களில் தமிழும் இந்தியும் இடம் மாறியபோது தமிழ் மக்கள் கொதித்தெழுந்து, அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வளவு போராடிக் காத்த எழுத்தை நம் பிள்ளைகள் கடையில் கொடுத்துவிட்டு, ஒரு முறைகூடப் பார்க்காமல் வருகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். ஆகவே ஒரு கதையில், கதவின் மேல் யாரோ கரியால் ௨ என்றும் ௫ என்றும் எழுதிவிட்டுப் போகட்டும். அது என்னவென்று கதையில் யாருக்கும் தெரியக் கூடாது. அம்மாவின் பணப்பையில் இருக்கும் 25 ரூபாய்த் தாளில் விடை இருக்கிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்.

ஐந்தாம் படி: வாசிக்கும் இரவு

தாளில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், வரிகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி வேண்டும். கைப்பேசித் திரை வேண்டாம். திரையில் மடிப்பு கிடையாது, விரல் தள்ளினால் முடிவு வந்துவிடும்.

விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள். வாசிக்கப் போவது பிள்ளை என்பதை மறக்கக் கூடாது. தாளின்மேல் விழும்படி ஒரு சிறு விளக்கு, அல்லது பிள்ளையின் கையிலேயே ஒரு டார்ச். டார்ச் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் துணிவு அதிகம். பிள்ளை உங்களை ஒட்டி உட்காரட்டும். எதிரில் உட்கார வைத்தால் அது தேர்வு ஆகிவிடும்.

தொடக்கத்துக்குத் தீவின் கிரியோல் புதிர் வழக்கமே போதும். "சிராந்தான்?" என்று நீங்கள் கேளுங்கள், "சாம்பெக்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "திலோ திபூட்?" என்றால் நிற்கும் தண்ணீர், விடை கரும்பு. "திலோ பாந்தான்?" என்றால் தொங்கும் தண்ணீர், விடை தேங்காய். இந்தக் கிரியோல் புதிர்கள் இரண்டு, பிறகு தமிழ் விடுகதை ஒன்று. அந்தத் தமிழ் விடுகதையை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். கிரியோலில் தொடங்கி தமிழுக்கு வருவதால் பிள்ளைக்கு அந்நியம் தோன்றாது, நாக்கும் சூடாகிவிடும்.

பிறகு மெதுவாக வாசியுங்கள். பேய்க்குரல் எழுப்பிப் பயமுறுத்த வேண்டாம். பயம் சொல்லில் இருக்கிறது என்பதை அவர்கள் உணர வேண்டுமானால், உங்கள் குரல் அடங்கியே இருக்க வேண்டும். "பதில் இல்லை" என்ற வரி வரும்போதெல்லாம் நிறுத்தி, பிள்ளையைச் சொல்லவிடுங்கள். இரண்டாம் முறையிலேயே அது உங்களை முந்திக்கொள்ளும்.

கதவைத் திறந்தாள் என்ற வரி வந்ததும் நிறுத்துங்கள். மடித்த தாளைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். "நீ வாசி" என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

சில பிள்ளைகள் உடனே பிரிப்பார்கள். சிலர் "நீங்களே வாசியுங்கள்" என்று கெஞ்சுவார்கள். கெஞ்சினால் முதல் வரியை மட்டும் சேர்ந்து வாசித்துவிட்டு, மறுபடியும் அமைதி. பிள்ளை திணறும் எழுத்தை மெல்லச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். வௌவாலை "வவ்வால்" என்று வாசித்தால் இந்த இரவில் அது சரியே. மறுநாள்வரை தாளைப் பிரிக்காத பிள்ளையும் உண்டு. அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தலையணைக்கடியில் இருக்கும் தாள் எப்படியும் பிரிக்கப்படும்.

தூக்கம் வராவிட்டால்

வராமலும் போகலாம். "அதெல்லாம் பொய், தூங்கு" என்று சொல்லிப் பயனில்லை. விளக்கைப் போட்டு, முடிவுப் பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள்: வௌவால், லிச்சி, கொட்டை. பயத்தின் மருந்தும் அதே தாளில்தான் இருக்கிறது என்று பிள்ளை கண்டுகொள்வது மிக நல்லது. தொடர்ந்து இரண்டு, மூன்று இரவுகள் கலங்கினால் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, மாலை வெளிச்சத்தில் முற்றத்தில் வைத்து மறுபடியும் தொடங்குங்கள்.

ஆறாம் படி: தாளிலிருந்து புத்தகத்துக்கு

ஏழெட்டுக் கதைத் தாள்கள் ஆனதும் அவற்றைத் தைத்து அட்டை போட்டுவிடுங்கள். அது பிள்ளையின் முதல் தமிழ்ப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் கூடும்போது பெரியவள் சின்னவனுக்கு வாசித்துக் காட்டட்டும். பயமுறுத்துகிற இடத்தில் தான் இருப்பதற்காகவே அவள் முன்கூட்டியே பல முறை படித்துப் பார்த்துக்கொள்வாள்.

அடுத்து அச்சிட்ட கதைகள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை வகுப்பில் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஒரு படி கீழேயிருந்து தொடங்குங்கள். இருட்டு, காடு, விநோத ஒலி என்று வரும் கதைகளைத் தேடி, அச்சிட்டு, மடிப்பு வைத்துக் கொடுங்கள். பயம் பழகிய பிறகு துப்பறியும் கதை, பிறகு சாகசக் கதை என்று பிள்ளையே வழி மாறிக்கொள்ளும். பேயிலேயே நின்றுவிட்டாலும் கவலை வேண்டாம். வாசிக்கிறது அல்லவா?

எப்போதாவது ஒரு நாள் பிள்ளை தானே ஒரு பேய்க்கதையை எழுதிக்கொண்டு வந்து, நடுவில் மடித்து, உங்களிடம் நீட்டும். எழுத்துப்பிழை நிறைய இருக்கும். கிரியோல் சொற்கள் தமிழ் எழுத்தில் வந்திருக்கும். சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். மடிப்புவரை உரக்க வாசியுங்கள், நிறுத்துங்கள், "இதைப் பிரிக்கலாமா?" என்று கேளுங்கள். அனுமதி கிடைத்த பிறகே பிரியுங்கள். பிழைகளை அடுத்த வாரம், வேறொரு தாளில் அழகாகப் படியெடுக்கும்போது இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.